நிற்காத பஸ்ஸும் நான் எழுதித் தராத மன்னிப்பும்

முட்டுக்காடு,
ஆகஸ்ட் 2002

மதிப்பும் மரியாதையும் உள்ள அண்ணன் உலகநாதனுக்கு, கூடப்பிறந்த தங்கை வேண்டா என்பவள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மருமகள் பூங்காவனமும் சுகம். அங்கே நீயும் அண்ணியும் சுகமாக இருக்கக் கன்னியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். சுகத்தைப் பற்றி இவ்வளவுதான். இனி சண்டை.

நேற்று ஞானம்பாள் அண்ணி என் இளநீர்க் கடைக்கு வந்தார். "உங்க அண்ணாத்தைக்கு டிப்போல மெமோ குடுத்துட்டாங்க வேண்டா. 'எல்லாம் நான் பண்ண கலாட்டா, டிரைவர் மேல தப்பு இல்ல'ன்னு உன் கையால எழுதிக் குடுத்தியானா உட்ருவாங்களாம்" என்று சொல்லி, வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்துவிட்டுப் போனார். நல்ல தாளை வீணாக்குவானேன் என்று அதிலேயே எழுதுகிறேன். ஆனால் இது மன்னிப்புக் கடிதம் இல்லை. அதை நான் எழுதப்போவதும் இல்லை.

என்ன நடந்தது என்றே தெரியாதவன்போல் ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறாயாம். கேட்டுக்கொள். போன மாதம் மார்கரெட் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். பெண் ஏதோ பரிசு வாங்கியிருக்கிறாள் என்று நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். டீச்சர் என் சேலையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், "உங்க பொண்ணு நல்லா கணக்கு போடுதும்மா. ஆனா பாதி நாள் மொத பீரியடு முடிஞ்சுதான் வருது. மீதி நாள் வர்றதே இல்ல. இப்படியே போச்சுன்னா பத்தாவது பரீட்சைக்கு உக்கார வைக்க முடியாது. வூட்ல வேல வாங்குறீங்களா?" என்று கேட்டார். எனக்கு அந்தப் பட்டுச்சேலையைத் தலையோடு போர்த்திக்கொள்ளலாம்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து பூங்காவனத்தைப் பிடித்து உலுக்கினால், "மாமா பஸ்ஸ நிறுத்தவே மாட்டேங்குறாரு, நான் இன்னாம்மா பண்றது?" என்று அழுகிறாள். தாய்மாமனைப் பற்றி இப்படிப் பொய் சொல்கிறாளே என்று அவளைத்தான் திட்டினேன். அந்தத் திட்டெல்லாம் உனக்குச் சேரவேண்டியது. வட்டியோடு எடுத்துக்கொள்.

மறுநாள் காலை கடையை மூடிவிட்டு, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் சவுக்குத் தோப்பில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் இலவசப் பாஸைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். கேளம்பாக்கம் பஸ் வருகிறது. என் அண்ணன் ஓட்டுகிறான். வேகம் குறைகிறது. பிள்ளைகள் முன்னால் வருகிறார்கள். உடனே வேகம் கூடுகிறது. பாலத்துக்கிட்டே போய் ஒரு கிழவரை இறக்கிவிடுகிறாய். பிள்ளைகள் மூட்டை மூட்டையாகப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். கிட்டே நெருங்கும்போது விசில், புழுதி, பஸ் காணோம். நம் அம்மா பேரை வைத்த பெண் அந்தப் புழுதியில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

சண்டை போட வேண்டாம், பேசிப் பார்ப்போம் என்றுதான் அன்றைக்குச் சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டே, "பாஸ் பசங்கள ஏத்திகினு போனா கலெக்‌ஷன் இன்னா ஆவும்? எனக்கு பேட்டா யாரு குடுப்பா? நெனச்ச எடத்துல நிறுத்த இது இன்னா உங்க நைனா வூட்டு வண்டியா?" என்றாய். "உனக்கும் எனக்கும் ஒரே நைனாதான்" என்றேன். அண்ணி சிரித்துவிட்டார். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். பேச்சு அங்கே முடிந்தது, என் வேலை அங்கே ஆரம்பித்தது.

பிள்ளைகளைத் தோப்புக்குள் உட்காரவைத்துவிட்டு, பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு டிக்கெட் வாங்கும் பயணியாக நான் மட்டும் நின்றேன். தலையில் முக்காடு போட்டிருந்ததால் நான் என்று தெரியாமல் நீ நிறுத்தினாய். தோப்பிலிருந்து பிள்ளைகள் ஈசல்போல் கிளம்பி ஏறிவிட்டார்கள். அடுத்த நாள் நீ உஷாராகிவிட்டாய். அதனால் மீன் விற்கும் ஆராயி தாம்பாளமும் பூவுமாகக் கல்யாணத்துக்குப் போகிறவள்போல் நின்றாள். அதற்கும் நிறுத்தினாய். அப்புறம் படகுத்துறையில் இளநீர் குடிக்க வந்த வெள்ளைக்காரம்மாவை, மூட்டையோடு கொஞ்சநேரம் அங்கே நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். மாமல்லபுரம் போகவேண்டிய அந்த அம்மாவையும் பிள்ளைகள் நெருக்கித் தள்ளி ஏற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இறங்கியவரை, யாரோ கட்டடம் கட்டிக்கொடுக்க வந்தவர் என்று நினைத்து மார்கரெட் டீச்சர் நாற்காலி போட்டு டீ கொடுத்து, பிரேயரில் இரண்டு வார்த்தை பேசவும் வைத்தாராம். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, நன்றாகக் கைதட்டினார்களாம். அன்றைக்கும் பூங்காவனம் முதல் பீரியடில் இருந்தாள். அதுதான் எனக்குக் கணக்கு.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நானா பொறுப்பு? பேன்ட் சட்டை போட்டு, தோல் பையும் பெரிய மீசையுமாக ஒரு மனிதர் ஸ்டாப்பில் நின்று கையை நீட்டினார். நான் தோப்புக்குள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன், அவர் யாரென்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நீ பஸ்ஸை நிறுத்தவில்லை. அத்தோடு போயிருக்கலாம் இல்லையா? ஜன்னலில் தலையை நீட்டி, "ஏய் வேண்டா! மீச ஒட்டிகினு வந்தா எனக்குத் தெரியாதா? எடத்த காலி பண்ணு!" என்று கத்திவிட்டுப் போனாய். பிள்ளைகள் தோப்பில் உருண்டு சிரித்தார்கள். அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, "யாருய்யா வேண்டா?" என்றார். நான் எழுந்து, "நான்தான் சார். மீசை இல்லாத வேண்டா" என்றேன். பையைத் திறந்து அடையாள அட்டையைக் காட்டினார். உங்கள் டிப்போவுக்குப் புதிதாக வந்த செக்கர்.

அவர் கேட்டார், நான் சொன்னேன். ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, ஓட்டியது என் அண்ணன் என்பதையும் மறைக்கவில்லை. மறுநாளிலிருந்து ஸ்டாப்பிலேயே பஸ் நின்றது. என் பக்கம் திரும்பாமல் முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டாய். வைத்துக்கொள். பஸ் நின்றால் போதும்.

டிரைவர் மேல் தப்பு இல்லை என்று எழுதவேண்டுமாம். அப்படியானால் தப்பு யார் மேல்? மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகள் மேலா? மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தேன் என்று எனக்கு வேண்டா என்று பேர் வைத்தார்கள். எட்டாவதோடு படிப்பும் வேண்டாம் என்றார்கள். அப்போது கேட்க ஆள் இல்லை. என் பெண்ணுக்குக் கேட்க நான் இருக்கிறேன். நாளைக்கே நீ நிறுத்தாமல் போனால், ஊரில் இருக்கும் படகையெல்லாம் இழுத்துவந்து ரோட்டில் போடுவேன். மெமோ இல்லை, அதற்கு மேல் எது வந்தாலும் என் கையெழுத்து உனக்குக் கிடைக்காது.

அண்ணிக்கு என் அன்பு. இடுப்புவலிக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல். மூத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக உனக்கும் ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
எதற்கும் வருத்தப்படாத தங்கை,
வேண்டா

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் பூங்காவனம் வந்தாள், காலெல்லாம் புழுதி. உன்னைச் செங்கல்பட்டு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்களாமே! இன்று காலை வந்த புது டிரைவர், டிக்கெட் வாங்குபவர்கள் காசைக் காட்டியும் நிறுத்தாமல் ஆரன் அடித்துக்கொண்டே போனானாம். இவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய், நடந்தே வந்திருக்கிறாள். நீ தேவலை அண்ணா, நீ நிறுத்துவதுபோலாவது நடிப்பாய். ஆகவே தப்பெல்லாம் என்மேல்தான், என் அண்ணன் தங்கமானவர், அவரையே இந்த ரூட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று தனித்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நாளைக்கே கொண்டுபோய்க் கொடு. அந்தத் தாள் டிப்போவுக்கு. உனக்கு, மேலே இருப்பதுதான்.