எனக்குமொண்ணு அண்ணனின் பேனா

கம்பம் பள்ளத்தாக்கில் இருந்த பொறாமையில் முக்கால் பங்கு, என் மேசைக்கு எதிர்மேசையில் உட்கார்ந்திருந்தது. மீதியைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் வாங்க மட்டும் பயன்பட்டது. எங்களுக்கு அவர் 'எனக்குமொண்ணு' அண்ணன். யார் கையில் எது புதிதாக இருந்தாலும், "எங்கன வாங்குனீக? எனக்கும் ஒண்ணு வேணுமே" என்பார். ஒருமுறை எங்கள் கேஷியருக்குச் சிறுநீரகத்தில் கல். அலுவலகமே ஓடைப்பட்டி திராட்சையை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றது. மறுநாள் அண்ணன் அரைநாள் விடுப்பு எடுத்துத் தனக்கும் ஸ்கேன் செய்துகொண்டார். "ஒரு பொடிக்கல்லுகூட இல்லைன்னுட்டாக" என்று சாயங்காலம்வரை யாரோடும் முகம்கொடுத்துப் பேசவில்லை.

நான் அப்போது உத்தமபாளையத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். இரண்டாயிரத்துக்கு அடுத்த வருடம் என்று நினைவு. பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதிக் கட்டைவிரல் வீங்கிப்போக, மைப்பேனாவுக்கு மாறலாம் என்று முடிவெடுத்தேன். தேனியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ராவுத்தர் ஒருவரின் பேனாக்கடை இருக்கிறதாமே, சனிக்கிழமை போகப்போகிறேன் என்று கேஷியரிடம் மெதுவாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை நான் கடைக்குள் நுழைந்தபோது எனக்குமொண்ணு அண்ணன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வா ஆத்தா, இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன்" என்றார். தன் ஊர் அனுமந்தன்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார் என்பதை ராவுத்தரே பிறகு சொல்லிவிட்டார்.

ராவுத்தர் நிதானமான மனிதர். எந்தப் பேனா வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதுவேன், ஆபீஸ் தாள் மொத்தமா மெலிசா, பஸ்ஸில் போய் வருகிறேனா என்றெல்லாம் விசாரித்தார். தங்கக் கிளிப் வைத்த ஒரு தடிப் பேனாவில் என் கண் விழுந்தது. எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கத்துக்குள் கை கனத்தது; நிப்பு பட்டையாக இருந்ததால் மை ஊறித் தாளின் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. கடைசியில், மெல்லிய நிப்பு வைத்த எடை குறைந்த கறுப்புப் பேனாவைத் தேர்ந்தெடுத்தேன். திருகாமல் இழுத்தாலே திறக்கும் மூடி. மேலதிகாரி கூப்பிட்டுக் கையெழுத்து கேட்டால் திருகிக்கொண்டு நிற்க முடியாது.

"அதே மாதிரி எனக்கும் ஒண்ணு" என்றார் அண்ணன். மை மட்டும் பச்சையில் வேண்டுமாம். பச்சையில் பெரிய அதிகாரிகள்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்று ராவுத்தர் எடுத்துச் சொல்லி, நீலத்துக்கு இறக்கினார்.

ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பேனா வந்தது. அண்ணன் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்னுடையது கொஞ்சம் பளபளப்பு அதிகம் என்றார். மாற்றிக்கொண்டோம். இப்போது என் கையில் இருந்தது பளபளத்தது. மறுபடி மாற்றினோம். மூன்றாவது முறை ராவுத்தர் கும்பிட்டார்.

"இனிமே எது யாருதுன்னு படைச்சவனுக்குத்தான் வெளிச்சம். ரெண்டு பேரும் கிளம்புங்க."

அலுவலகத்திலும் அது ஓயவில்லை. கார்பன் தாள் வைத்து எழுதிப் பழகிய கை அவருடையது. அந்த அழுத்தத்தில் பேனா தாளைக் கீறியது. என் பேனா வழுக்கிக்கொண்டு ஓடுவதை எதிர்மேசையிலிருந்து பார்த்துப் பார்த்து மனிதர் இளைத்தே போனார். நான் மத்தியானம் கைகழுவப் போகும்போது பேனா மாறிவிடும். மூடியில் பல் பதிந்த தடம் இருக்கும். இரண்டு நாளில் புதிதாகப் போன பேனாவும் அவர் கையில் கீற ஆரம்பிக்கும். அடுத்த மத்தியானம் திரும்பி வரும். நான் ஒன்றும் கேட்டதில்லை. இரண்டு மூடியிலும் பல் தடம் விழுந்த பிறகு எனக்கே எது என்னுடையது என்று தெரியவில்லை.

அந்த வருடம் எங்கள் அதிகாரி ஓய்வுபெற்றார். வாழ்த்து மடல் எழுதுவது எப்போதும் அண்ணனின் வேலை. இந்தத் தடவை அதிகாரி, அந்தப் பொண்ணு எழுதட்டுமே, கையெழுத்து நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு என் பேனா மாறவில்லை. அண்ணன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

மறுநாள் பெரிய தாளை விரித்து எழுத உட்கார்ந்தேன். கூப்பிடாமலே வந்து பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெருமூச்சு. கடைசி வரியில் பேனா மக்கர் செய்ய, நான் யோசிக்காமல் உதறிவிட்டேன். நிப்பு முனையில் மை திரண்டு தொங்கியது. விழுந்திருந்தால் அத்தனையும் பாழ். அண்ணன் சட்டென்று உள்ளங்கையை நீட்டி அதை ஏந்திக்கொண்டார்.

"எழுது ஆத்தா" என்றார், கையை இழுக்காமல்.

விழாவில் எல்லோரும் என் கையெழுத்தைப் புகழ்ந்தார்கள். அண்ணன் ஒவ்வொருவராகத் தேடிப்போய்த் தன் நீல உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

சில வருடங்களில் பதவி உயர்வில் எனக்குத் தேனிக்கு மாற்றல் வந்தது. தேனி ஆபீஸில் ஃபேன் நன்றாகச் சுற்றுமாமே என்று அதற்கும் பொறாமைப்பட்டுத்தான் வழியனுப்பினார். அங்கே நல்ல மனிதர்கள் இருந்தார்கள். என்ன புதிதாக வாங்கினாலும் அவர்கள் யாரும் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

ஒருநாள் வேலையாக உத்தமபாளையம் போனேன். சட்டென்று கண்ணில் படுகிற மாதிரி, மெரூன் நிறத்தில் புதுப் பேனா வாங்கிக்கொண்டுதான் போனேன். என் பழைய மேசையில் ஒரு பையன் இருந்தான். அவன் கையில் கேமரா வைத்த செல்போன். அண்ணன் அவன் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டி, கண்ணை அகல விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக நாற்காலி இழுத்துப் போட்டார். டீ சொன்னார். நான் பேனாவைத் திறந்தேன், மூடினேன், தேவையே இல்லாமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன்.

"நல்லாயிருக்கு ஆத்தா. பத்திரமா வச்சுக்க" என்றார் அண்ணன், பெரிய மனுஷராக. சொல்லிவிட்டு அந்தப் பையன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் சின்னமனூர் தாண்டியும் எனக்கு அந்தப் பையனைப் பிடிக்கவேயில்லை.