உள்பக்கம் தேய்ந்த டயர்

போடிநாயக்கனூரில் சந்தோஷமாக இருக்க எல்லா வசதியும் இருந்தும் மனம் உடைந்தே வாழ்ந்த ஒரே மனிதர் உள்பக்கம் அண்ணன்தான். நல்ல தொழில், சொந்த வீடு, அதிர்ந்து பேசாத மனைவி, ஊரே திரும்பிப் பார்க்கும் கார். இத்தனை இருந்தும், எழுபதுகளின் கடைசியில் நான் அவரை முதன்முதலில் பார்த்த அன்றே, அவர் முகம் இழவு வீட்டுக்குப் போய்த் திரும்பியவர் முகம்போல இருந்தது. காரணம் இதுதான்: அவருடைய காரின் முன்பக்க டயர்கள் இரண்டும் உள்பக்கம் தேய்ந்துகொண்டிருந்தன.

"என்னண்ணே, சௌக்கியமா?" என்று யார் கேட்டாலும், "எங்கிட்டு... உள்பக்கம் தேயுதே" என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. தபால்காரர்கூட "உள்பக்கத்தார் வீடு" என்றுதான் சொல்வார்.

அவர் ஏலக்காய்த் தரகர். காலையில் மலையேறிப் போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் உள்ள தோட்டங்களில் காய் பார்ப்பார். மாலையில் இறங்கி, தேனி ரோட்டில் காய் மூட்டைகள் அடுக்கியிருக்கும் கிட்டங்கிகளுக்குப் போவார். இந்தச் சோலிக்கு ஊரில் எல்லோரும் ஜீப்பு வைத்திருந்தார்கள். இவர் மட்டும் ஒரு சிவப்புக் கார் வைத்திருந்தார். தோட்டத்து மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பந்தயக் கார் அது. இரண்டே சீட்டு. தரையோடு தரையாக இருக்கும். ஏறுவதென்றால் முதலில் குனிந்து, பிறகு உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். சிலமலைப் பக்கம் போனால் ஆடுகள் மேலிருந்து எட்டிப் பார்க்கும்.

நான் அப்போது போடிமெட்டில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் கிளார்க். குடியிருந்தது அவருக்கு எதிர்வீட்டில். அதனால் தினமும் காலையில் அந்தக் காரில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. கூடவே அவருடைய துக்கத்திலும் ஒரு பங்கு கிடைத்தது.

துக்கத்தின் கணக்கு எளிமையானது. மலை வளைவுகளில் கார் கத்திபோலத் திரும்ப வேண்டுமானால், முன்சக்கரங்களின் தலை உள்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். சக்கரங்களின் முகமும் கொஞ்சம் வெளியே பார்க்க வேண்டும். ஆனால் அதே வண்டியை நேரான தேனி ரோட்டில் ஓட்டினால், டயரின் உள்விளிம்பு ரப்பரால் அழித்த பென்சில் எழுத்துபோலக் காணாமல் போய்விடும். சக்கரத்தை நேராக நிறுத்தினால் டயர் பிழைக்கும். கொண்டை ஊசி வளைவில் கார் திரும்ப மறுத்துப் பள்ளத்தைப் பார்க்கும். அவருக்குத் தினமும் பாதி மலை, பாதி தரை. அந்த அளவு டயரோ மதுரையிலும் கிடைக்காது. கொச்சிக்கு எழுதிப் போட்டுவிட்டு, குழந்தை வரம் கேட்டவர்போலக் காத்திருக்க வேண்டும்.

பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ராவுத்தர் பலமுறை சொல்லிப் பார்த்தார். "அண்ணே, மலைக்கு ஒரு வண்டி வையிங்க, தரைக்கு ஒரு வண்டி வையிங்க. ஒரே வண்டிய ரெண்டு ஊருக்கும் மாப்பிள்ளையாக்காதீங்க."

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கும் பாய். கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்பார் அண்ணன். நம்பிக்கையோடு சொல்கிற குரல் அல்ல அது. தூக்குக் கயிறு சரியான நீளம்தானா என்று கேட்கிற குரல்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் தெருவை அடைத்துக்கொண்டு அலைன்மெண்டு நடக்கும். காரின் இரண்டு பக்கமும் கம்பு நட்டு, நூல் கட்டி, நூலிலிருந்து சக்கரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று இரும்பு ஸ்கேலால் அளப்பார். மாடு வந்தாலும் அய்யர் வந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும். ஓட்டுபவர் கனமும் கூட வருபவர் கனமும் வண்டியில் இருந்தால்தான் அளவு சரியாக வருமாம். அதனால் ஓட்டுபவருக்குப் பதில் ஓர் அரிசி மூட்டை. கூட வருபவருக்குப் பதில் நான்.

ஒருநாள் வெயில் ஏறியதும் அவர் மனைவி எனக்குக் காப்பி கொண்டுவந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். டம்ளரை வாங்கக் கையை நீட்டினேன்.

"குடிக்காத அப்பு" என்றார் அண்ணன், காருக்கடியிலிருந்து. "குடிச்சா எடை கூடிரும்."

மதினி நீட்டிய டம்ளரைத் திரும்ப இழுத்து, எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே தானே குடித்தார்.

டயர்தான் என்றில்லை, தேய்கிற எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். ராசிங்காபுரத்தில் ஒரு பெரியவர் இறந்துபோன வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். மாலையைப் போட்டுவிட்டு வந்தவர், வாசலோரம் கிடந்த ஒரு ஜோடி செருப்பைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறந்தவருடைய செருப்பு அது. பெரியவரின் மகன் அழுதுகொண்டே பக்கத்தில் வந்தான்.

"ஒங்கப்பாரு செருப்பு ரெண்டும் ஒரே சீரா தேஞ்சிருக்குப்பா" என்றார் அண்ணன், கண் கலங்க. "குடுத்து வச்ச மனுசன்."

மகன் அதை அப்பாவின் குணத்தைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டு, அவரைக் கட்டிப்பிடித்து இன்னும் பெரிதாக அழுதான். நான் அவசரமாக அவரை வெளியே கூட்டி வந்தேன்.

நடுவில் ஓர் இடம் கிடைக்கவே கிடைக்காது என்று ஒருவழியாகத் தெரிந்ததும் அவர் எடுத்த முடிவைப் பார்த்துத்தான் ஊரே அவரைத் திருத்த முடியாது என்று கைகழுவியது. மலையேற்றம் தொடங்குகிற முந்தலில் தினமும் காலையில் காரை நிறுத்துவார். ஸ்பேனரோடு அடியில் போய், ஸ்டியரிங் ராடை அரைச் சுற்றுத் திருகிச் சக்கரத்தின் முகத்தை மலைக்குத் தோதாக மாற்றுவார். சாயங்காலம் இறங்கியதும் அதே இடத்தில் மறுபடி படுத்துத் தரைக்கு மாற்றுவார். மழை, வெயில், முகூர்த்த நாள் எதுவும் கணக்கில்லை. சாய்வு அப்படியேதான் இருக்கும். அதை ஒர்க்‌ஷாப்பில் தகடு வைத்துத்தான் மாற்ற முடியும். அதனால் டயர் தேயத்தான் செய்தது. முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான்.

தோட்ட வேலைக்குப் புதிதாக வந்த பெண்கள் ஒருநாள் ஜீப்பில் அந்த வழியாக வந்தார்கள். காருக்கடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நான் கொஞ்சம் தள்ளி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். ஜீப்பு நிற்பதற்குள் ஒருத்தி குதித்து, "அய்யோ, ஆரு பெத்த புள்ளையோ" என்று மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒப்பாரி இரண்டாவது அடிக்குப் போனபோது கார் பேசியது.

"சாகல ஆத்தா. இன்னுங் கொஞ்சம் திருக வேண்டியிருக்கு. வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க."

அவர் வெளியே வந்து, கிரீஸ் கையோடு அவர்கள் முன்னால் நின்றார். ஒப்பாரியைத் தொடங்கியவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "செத்திருந்தாக்கூட இவ்வளவு வெசனம் இருக்காது போலருக்கே" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

இதையெல்லாம் அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் மதினியிடம் சொல்லிச் சிரித்த ஒரு நாளில் மதினி சொன்னார்: "இந்த வீட்டுல டயரு தேஞ்சா குனிஞ்சு பாக்க ஆளு இருக்கு தம்பி. நான் தேயறேன்."

நான் அதற்கும் சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த ஒரு சில தடவைகளில் அது ஒன்று.

மதினி உண்மையைத்தான் சொல்லியிருந்தார். சேலை கொசுவம் நிற்காத அளவுக்கு மெலிந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் கட்டி என்றார்கள்.

மறுநாள் ராவுத்தர் என்னை ரோட்டில் நிறுத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"கிளார்க் தம்பி, அண்ணன் காலையில வந்தாரு. 'வச்ச தகட்டையெல்லாம் உருவிரு பாய், சக்கரம் நேரா நிக்கட்டும்'னாரு. நூல் கட்டல, அளக்கல. நான் மாட்டி முடிக்கிறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு."

அதன் பிறகு அவர் மலைக்கு வரவில்லை. தினமும் போடியிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து போடிக்கும் ஓட்டினார். ஆபரேஷன் ஆனது. மிச்சக் கட்டி கருகட்டும் என்று கரண்ட் வைத்தார்கள். தோட்டக்காரர்கள் வேறு தரகர்களைப் பார்த்துக்கொண்டார்கள். நான் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன்.

சில மாதங்கள் கழித்து, ஒரு சாயங்காலம் கார் வாசலில் நின்றது. யதேச்சையாகக் குனிந்து பார்த்தேன். பிறகு மண்டியிட்டுப் பார்த்தேன். கையை விட்டுத் தடவியும் பார்த்தேன். முன்டயர் இரண்டும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் நூல் கட்டித் தேடியது கேட்காமலே வந்து நின்றிருந்தது.

சாப்பாட்டுத் தூக்கோடு அவர் வெளியே வந்தார். "அண்ணே, டயரு சீரா தேஞ்சிருக்கு. பாருங்க" என்றேன்.

"அப்படியா" என்றார். குனியவில்லை. தூக்கை உள்ளே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். என் வாழ்க்கையில் நான் கொண்டுபோன எந்த நல்ல செய்தியும் அப்படிக் கீழே விழுந்ததில்லை.

இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். மதினி வீட்டுக்கு வந்தார். வந்து ஒரு வாரம் இருக்கும், மலையைப் பார்க்க வேண்டும் என்றார். பிறந்தது முதல் போடியிலேயே இருந்தும் அவர் மெட்டுக்கு வந்ததில்லை. அந்தக் காரில் அதுவரை ஊருக்குள்ளேகூட உட்கார்ந்ததில்லை. இடதுபக்கச் சீட்டு என் எடைக்கு ஏற்றபடி அளந்து வைக்கப்பட்டிருந்ததே.

அன்று நான் ஜீப்பில் அவர்களுக்குப் பின்னால் போனேன். முந்தலில் கார் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. தரைக்கு வைத்த சக்கரத்தோடு அப்படியே மலையேறியது. வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்து, ஏறக்குறைய நின்று, அகலமாகச் சுற்றி, மறுபடி ஊர்ந்தது.

மெட்டில் டீக்கடை பெஞ்சில் மதினியை உட்கார வைத்துவிட்டு, அண்ணன் தன் துண்டை அவர் தோளில் போர்த்திவிட்டார். பனி கேரளத்துப் பக்கமிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது.

"ஏங்க" என்றார் மதினி. "தெனமும் முந்தல்ல எறங்கி அடியில படுப்பீகளாமே. இன்னைக்குப் படுக்கல?"

அண்ணன் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மறந்துட்டேன்" என்றார்.

மதினி என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

அதன் பிறகு மதினி ஒரு மழைக்காலம்தான் இருந்தார். முடிகிறபோதெல்லாம் அவரை மேலே கூட்டிவந்தார் அண்ணன். அந்த முதல் நாள் இறங்கும்போதும் எங்கள் ஜீப்பு அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது. நடுரோட்டில் சிவப்புக் கார் நடந்துபோகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே மதினி கையை வெளியே நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் இன்னும் இரண்டு ஜீப்புகள் சேர்ந்துவிட்டன. எங்கள் டிரைவர் பொறுமையிழந்து ஹார்னில் கை வைத்தார்.

"அடிக்காதீகண்ணே" என்றேன். "மெதுவாவே போகட்டும்."