ஒரு ஆள் சாப்பாட்டுக்கு எவ்வளவு வைப்பது?

ஐம்பது ரூபாய்த் தாளைச் சோம்புத் தட்டில் வைத்துவிட்டுக் கவின்ராஜ் சாலையைக் கடப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு குரல் துரத்திக்கொண்டு வந்தது.

"சார், பணத்த உட்டுட்டுப் போறீங்க."

சப்ளையர் லிங்கப்பன் தோளில் துண்டும் கையில் அந்தத் தாளுமாக ஓடி வந்தார். விஜயநகர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தவர்களுக்குப் பஸ் வரும்வரை வேறு வேலை இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது உங்களுக்குத்தாண்ணா" என்றான் கவின்ராஜ்.

"எனக்கா? எதுக்குங்க?"

நியாயமான கேள்விதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த ஓட்டலைத் தவிர வேறு இடம் போகாதவன் கவின்ராஜ். ஆனால் இதுநாள்வரை தட்டில் ஐந்து ரூபாய்க்கு மேல் வைத்ததில்லை. பஸ் ஸ்டாப் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது அவன் என்ன விளக்கம் சொல்வான்?

"ஓ, மறந்துட்டேன் போல" என்று அசடு வழிந்து, தாளை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். லிங்கப்பன் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு திரும்பிப் போனார். மைசூரிலேயே வைத்த டிப்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஒரே ஆள் தானாகத்தான் இருக்கும் என்று கவின்ராஜுக்குத் தோன்றியது.

எல்லாம் அவன் அம்மா பசம்மா செய்த வேலை. முந்தின நாள் சொந்த ஊர் கௌதள்ளியிலிருந்து போன் பண்ணியிருந்தாள்.

"கண்ணு, மார்டள்ளிப் பொண்ணு வூட்டுக்காரங்க உன்னயப் பத்தி விசாரிக்க ஆளு அனுப்புவாங்க போல இருக்குது. நீ தெனமும் திங்கற ஓட்டல்ல கேட்டா உன் கொணம் தெரிஞ்சு போயிரும். அங்க நல்ல பேரு எடுத்து வெய்யி. போன தடவ மாதிரி ஆயிரப் போவுது."

போன தடவை பெண் வீட்டார் விசாரித்தது, அவன் குடியிருந்த அறைக்குக் கீழே இருந்த டீக்கடையில். "யார்கிட்டயும் வாயே தொறக்க மாட்டான் சார், மூஞ்சிய உம்முன்னு வெச்சிருப்பான்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பையனுக்குத் திமிர் என்று சம்பந்தம் நின்றுபோனது. அந்த வாரம் அவனுக்குப் பல்வலி. அதை யார் கேட்டார்கள்?

அந்தச் சம்பந்தம் போனதில் அவனுக்குப் பெரிய வருத்தமில்லை. இது அப்படியல்ல. மார்டள்ளியில் பெண் பார்க்கப் போனபோது கேசரியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தது. பெரியவர்கள் எல்லோரும் மரியாதைக்காக விழுங்கிக்கொண்டிருக்க, தீபா மட்டும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. அவளும் மைசூரில்தான் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள். ஆனால் விசாரிப்பு முடியும்வரை போன் நம்பர் கிடையாது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கறாராக இருந்தார்கள்.

ஆக, தீபாவின் நம்பர் இப்போது லிங்கப்பனின் வாயில் இருந்தது.

நாலு பேராகப் போய்ச் சாப்பிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. யாராவது ஒருவன் எதையோ வைப்பான், மற்ற மூன்று பேரும் கூரையைப் பார்க்கலாம். தனியாகப் போகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. குறைத்து வைத்தால் கஞ்சன், கூட்டி வைத்தால் ஊதாரி. பெண் கொடுப்பவர்கள் இரண்டையும் ஒதுக்குவார்கள். கவின்ராஜ் தன் ஆபீஸ் நண்பன் உமேஷிடம் யோசனை கேட்டான்.

"இதுல என்ன யோச்னே மச்சா? டென் பர்சென்ட். உலகம் பூரா அதான் லெக்கா" என்றான் உமேஷ்.

மறுநாள் பில் தொண்ணூறு ரூபாய். கணக்குப்படி ஒன்பது ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தான் கவின்ராஜ். லிங்கப்பன் அதைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"பத்து ரூவாயா வெச்சுப் பழக்கமில்லீங்களா?" என்றார் பரிவோடு.

அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் கணக்கெல்லாம் வேண்டாமென்று, கை கழுவும் இடத்தில் லிங்கப்பனை மடக்கி, ஒரு நூறு ரூபாய்த் தாளைச் சுருட்டி உள்ளங்கையில் திணித்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் கல்லாவிலிருந்து கேஷியர் பசவராஜ் எட்டிப் பார்த்துவிட்டார்.

"கைல குடுக்கறது பேடா சார், வேண்டாம். டிப்ஸ் எல்லாம் இந்த டப்பாக்குத்தான், எல்லாரும் பங்கு போடணும். லிங்கப்பா, எத்தன நாளா நடக்குது இது?"

லிங்கப்பனின் முகம் வாடியது. பரிமாறிக்கொண்டிருந்த ஜடையன் சாம்பார் வாளியோடு அப்படியே நின்று முறைத்தார். தன்னால் ஒரு மனிதருக்குத் திருட்டுப் பட்டம் வருகிறதே என்று கவின்ராஜ் பதறிப்போனான். பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"டிப்ஸ் இல்லீங்க. அண்ணங்கிட்டக் கடன் வாங்கியிருந்தேன். அதத் திருப்பிக் குடுத்தேன்."

லிங்கப்பன் மீதிருந்த பழி அந்த நிமிடமே தீர்ந்தது. அது எங்கே போய் உட்கார்ந்தது என்பது கவின்ராஜுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அவன் வழக்கமான மேஜையில் உட்கார்ந்ததும் பசவராஜ் எழுந்தே வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க மட்டும் மொதல்ல பில் கட்டிடுங்க."

ஜடையன் அப்பளத்தைக் கூடுதலாக ஒன்று வைத்துவிட்டு, "இதுக்குக் காசு வேண்டாம் தம்பி" என்றார் தழுதழுத்த குரலில். பக்கத்து மேஜைக்காரர் தன் மனைவியிடம் ஏதோ சொல்ல, இருவரும் அவனை இரக்கத்தோடு பார்த்தார்கள். கம்பெனியில் கைநிறையச் சம்பளம் வாங்குகிறவன், சப்ளையரிடம் கைமாற்று வாங்கிச் சாப்பிடுகிறான். ஓட்டல் முழுக்க இதுதான் பேச்சு.

விசாரிக்க யாரும் வராமல் இருக்க வேண்டுமே என்று அவன் சாமியை நினைத்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக ஒரு பெரியவர் உள்ளே வந்தார். லிங்கப்பனை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். லிங்கப்பன் தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்லிக்கொண்டே, கவின்ராஜ் உட்கார்ந்திருந்த மேஜையைக் கையால் காட்டினார். பெரியவர் உற்றுப் பார்த்தார். பெண் பார்க்கப் போன அன்று கூடத்தில் இதேபோல் வெள்ளைச் சட்டைக்காரர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

பெரியவர் வாசலை நோக்கி நடந்தார். கவின்ராஜ் எச்சில் கையோடு ஓடிப்போய் வழியை மறித்தான்.

"ஐயா, ஒரு நிமிஷம். அவங்க சொல்றத நம்பாதீங்க. நான் கடன்காரன் இல்லீங்க. கஞ்சனும் இல்ல, ஊதாரியும் இல்ல. தனியா சாப்பிடறவன் எவ்ளோ டிப்ஸ் வெக்கணும்னு எனக்குத் தெரியல, அவ்ளோதாங்க. நல்ல பேரு வாங்கறேன்னு போயி எல்லாத்தயும் கெடுத்துக்கிட்டேன்."

"இதெல்லாம் எங்கிட்ட எதுக்குங்க தம்பி சொல்றீங்க?"

"தீபாகிட்ட நீங்களே சொல்லிருங்க. வேற எங்கயாவது கேட்டுட்டு என்னய வேண்டாம்னு சொல்லிடக் கூடாதுங்க. எனக்கு அவங்களத்தாங்க கட்டிக்கணும்."

இவ்வளவு நேராக அவன் வாழ்க்கையில் பேசியதே இல்லை. பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மீசைக்குள் என்னவோ அசைந்தது.

"செரி, போயிக் கையக் கழுவுங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்று கவின்ராஜ் முடிவுகட்டினான். கை கழுவிவிட்டு வந்து, ஆறிப்போன இலையை மூடினான். இனி யாரிடமும் நல்ல பேர் வாங்க வேண்டியதில்லை. சாம்பார் நன்றாக இருந்தது, லிங்கப்பன் கேட்காமலே இரண்டாம் முறை ஊற்றியிருந்தார். அதை நினைத்து இருபது ரூபாயை எடுத்து எல்லோர் கண்ணும் பார்க்க டப்பாவில் போட்டான். இத்தனை நாளில் அவன் யோசிக்காமல் வைத்த டிப்ஸ் அது ஒன்றுதான். யாரும் துரத்தி வரவில்லை, யாரும் பரிதாபப்படவும் இல்லை.

இலையை எடுக்க வந்த லிங்கப்பன் மேஜையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்குங்க இப்படி இடிஞ்சு போயி நிக்கறீங்க? அவரு பொண்ணு வூட்டு ஆளு இல்லீங்க, உங்கம்மா அனுப்பிச்ச தரகரு; அந்தத் தீபாப் பொண்ணு எப்பிடின்னு விசாரிச்சுட்டுப் போறாரு. அது தெனமும் காலைல தனியா வந்து இந்த மேஜைலதான் உக்காருது, மாப்பள வூட்ல வந்து கேப்பாங்கன்னு பயந்துக்கிட்டு ஒரு நா நூறு வெக்குது, ஒரு நா சில்லறைய எண்ணி வெக்குது. உங்க ரெண்டு பேருக்கும் கண்ணாலம் ஆயி ஊட்லயே ஆக்கித் திங்க ஆரம்பிச்சிட்டா, எங்க டப்பாவுக்குத்தானுங்க நட்டம்."