சைனாவின் பூக்காத மரம்

சீனாவுக்கு வெளியே பிளம் மரத்தை அதிகம் வரைந்த ஆள் எங்கள் ‘சைனா’தான். அதில் ஒன்றிலாவது பூ இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

2008 வாக்கில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் நானும் அவரும் ஒரே அறை. அவருக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. நகலெடுக்க வந்த ஒரு புத்தகத்தில், இந்தக் காலத்துச் சீன ஓவியர்கள் மையால் வரைந்த பிளம் மரங்களைப் பார்த்துவிட்டார். முறுக்கிக்கொண்ட கறுப்புக் கிளை, இலையே கிடையாது, கொட்டும் பனியில் செக்கச்செவேலென்று பூ. அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு; பெயரும் ‘சைனா’ என்றாகிவிட்டது. கடையில் வீணான பேப்பர், அறைச் சுவர், என் லுங்கி, எல்லாவற்றிலும் கிளை ஓடியது. பிரஷ்? என் ஷேவிங் பிரஷ்தான்.

“பூ எங்கய்யா?” என்றால், “அது பிரஷ்ஷால ஒரே அழுத்து மச்சான். தயங்குனா பூ செத்துப்புடும். எனக்குக் கை நடுங்குது” என்பார்.

அவருக்குக் குமராட்சிப் பக்கம் பெண் அமைந்தது. பெயர் செல்வி. திருப்பாதிரிப்புலியூரில் மண்டபம். மேடைக்குப் பின்னால் கட்டும் வெள்ளைத் துணியில் தானே வரைவேன் என்று அடம்பிடித்தார். முகூர்த்தத்தன்று காலையில் விரித்துக் கட்டினால், மேடை அகலத்துக்கு ஒரு மொட்டை மரம்!

பெண்ணின் அத்தை அலறினார். “பட்டமரத்துக்குக் கீழ தாலி கட்டுறதா? பொண்ணக் கூப்புடு, கெளம்பலாம்!”

“பட்டமரம் இல்லீங்க, பிளம்மு. பூக்கும்.”

“எப்ப?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

சத்தம் கேட்டுச் செல்வியே மேடைக்கு வந்துவிட்டாள். “பூவுதான இல்ல? இதுக்கா இம்மாஞ் சத்தம்?” என்று ஆரத்தித் தட்டில் விரலைத் தோய்த்து, கிளை நுனியில் நச்சென்று வைத்தாள்.

சைனா துள்ளினார். “அதான்! அதான் அழுத்து!” தானும் விரலைத் தோய்த்தார். கை நடுங்கவே இல்லை. அப்புறம் சித்திகள், நாத்தனார்கள், சமையல்காரர் வரை பாய்ந்தார்கள். தட்டு காலியாகி, புதிதாகக் கரைத்துக்கொண்டு வந்தார்கள். அலறிய அத்தைதான் நாற்காலி போட்டு ஏறி உச்சிக்கிளையைப் பிடித்தார்.

“போதும்ங்க! பனியில இவ்ளோ பூக்காது!”

“கல்யாணத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க மாப்ள!”

முகூர்த்தம் போகிறது என்று ஐயர் கத்த, ஈரம் காயாத சிவப்பு விரல்களோடு சைனா தாலி கட்டினார். கட்டியதும் மேடையை விட்டு ஓடிவந்து, “பூத்துடுச்சி மச்சான்!” என்று என்னைக் கட்டிக்கொண்டார். என் வெள்ளைச் சட்டை முதுகில் அவர் கை அப்படியே பதிந்துவிட்டது.

அந்தச் சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை.