பரத்தின் கன்னத்தில் உப்பு

"இன்னொரு தடவை முத்தம் குடுத்துப் பாருங்க. நிதானமா சொல்லுங்க."

ஜெயப்பிரகாஷ் ஐந்து மாதப் பரத்தின் கன்னத்தில் உதட்டை வைத்தான். ரசத்துக்கு உப்பு பார்க்கிறவன் மாதிரி கண்ணை மூடினான்.

"கரிக்குது, வைஜெயந்தி."

காலையில் டாக்டர் கேட்ட கேள்விதான் வினை. குழந்தைக்குச் சளி நிற்கவில்லை என்றதும், "முத்தம் குடுத்தா உப்பு கரிக்குதா?" என்றார். உடம்புக்குள் உப்புக்குக் கதவு வைக்கும் ஜீன் ஒன்று இருக்கிறதாம். சி.எஃப்.டி.ஆர். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று நன்றாக இருந்தால் போதும். இரண்டுமே பழுதென்றால் வியர்வையில் உப்பு ஏறும், நுரையீரலில் சளி பசையாய் ஒட்டும். நாளை பாண்டிச்சேரியில் வியர்வை டெஸ்ட்.

"வருஷம் பூரா உப்பளத்துல கிடக்கிறோம். நம்மகிட்டேருந்து ஒட்டியிருக்கும். கழுவுங்க," என்றாள் வைஜெயந்தி, இருமிக்கொண்டே.

மழைக்கு மரக்காணம் உப்பளம் மூடியதிலிருந்து ஜெயப்பிரகாஷுக்கு வேறு வேலையில்லை. கழுவினான். அவள் முந்தானையால் துடைத்தாள். முன்பைவிடக் கரித்தது.

"நம்ம போர் தண்ணி வேற எப்படியிருக்கும்? கேன் தண்ணி எடு!"

கேன் காலியானது. அவள் துடைத்து, தோளில் போட்டுத் தட்டினாள். மறுபடி முத்தம். மறுபடி உப்பு.

பக்கத்து வீட்டு சக்கரபாணியைக் கூப்பிட்டார்கள். முத்தமிட்டவர் உதட்டை நக்கி யோசித்தார்.

"ஏம்பா, கருவாடு துன்னுட்டு வந்தேன். என் வாயை நம்பாதே."

ஜெயப்பிரகாஷ் சிரித்துவிட்டான். வைஜெயந்தி அழுதாள். "என் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா..." மீதியை இருமல் விழுங்கியது.

மறுநாள் பஸ்ஸில் நின்றபடியே வந்ததில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் டெஸ்ட் முடிந்து காத்திருந்ததில் காய்ந்தும் போனது.

நர்ஸ் சூர்யகலா ரிப்போர்ட்டோடு வந்தாள். "குழந்தைக்கு அந்த நோய் இல்லீங்க. சாதா சளிதான்."

"நீ சொன்னது சரிதான். எல்லாம் உப்பளத்து உப்பு!" ஜெயப்பிரகாஷ் குதித்தான்.

வைஜெயந்தி சிரிக்கப்போய் இருமினாள். சூர்யகலாவின் பார்வை அவள் முதுகில் நின்றது.

"அக்கா, இந்த இருமல் எவ்ளோ நாளா?"

"சின்ன வயசுலேருந்தே. எங்க ஊரு உப்புக் காத்து அப்படி."

"நானும் மரக்காணம்தாங்க்கா. ரெண்டு மாசமா உப்பளம் மூடிக் கிடக்குது. அப்புறம் உங்க ரவிக்கையில ஏதுக்கா இவ்ளோ உப்பு?"