முகூர்த்தத்தில் சுழன்ற கண்ணாடி உருண்டை

கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவன் நான். ஒரு சுவிட்சைக் கண்டால் அது எதற்கென்று அறியும்வரை எனக்கு நிம்மதி கிடையாது. இந்தக் குணத்தோடு நான் மணமேடை ஏறியது தொண்ணூறுகளில், கனடாவின் மொன்றியலில்.

அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில், சண்டைக்குள். அவர்களால் வர முடியாது. என் கலியாணத்தை அவர்கள் பார்க்கப்போவது வீடியோ கசெட்டில்தான். தாலி கட்டும் இடம் மட்டும் பிசகக் கூடாது என்று வீடியோக்கார அண்ணையிடம் சொல்லிச் சொல்லி, அவர் என்னைக் கண்டாலே ஒளியத் தொடங்கியிருந்தார்.

மண்டபம் சென்ட் லோரன்டில், நான் வேலை செய்த தொழிற்சாலைக்குப் பின்தெருவில். காலையிலேயே போய்விட்டேன். கூரையில் கண்ணாடித் துண்டுகள் ஒட்டிய பெரிய உருண்டை ஒன்று தூசியோடு தொங்கியது. மண்டபக்காரரிடம் என் அரைகுறைப் பிரெஞ்சில் விசாரித்தேன். மனிதர் கூச்சத்தோடு சொன்னார்: எழுபதுகளில் இது டிஸ்கோ ஆடிய இடமாம். வாசலில் பனிக்குள்ளும் வரிசை நிற்குமாம். பிறகு டிஸ்கோ என்றாலே ஊர் முகம் சுளித்ததாம். இசைத்தட்டுகளைக் குப்பையில் போட்டார்களாம். இப்போது கேட்டால் ஒருவரும் ஆடவே இல்லையாம்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு பாட்டை ரசித்ததற்கு ஊரே எப்படி வெட்கப்படும்? (எங்களூரில் அபசுரமாகப் பாடியவர்கள்கூட வெட்கப்பட்டதில்லை.)

அவர் அப்பால் போனதும் மேடைக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் வரிசை கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. செத்த சாமான் என்று, தட்டியதைத் திருப்பி அணைக்காமலே விட்டுவிட்டுப் பட்டுவேட்டி கட்டப் போனேன்.

முகூர்த்தம். ஐயர் தாலியை என் கையில் தந்தார். அந்த நேரம் பார்த்து வீடியோ அண்ணை இன்னொரு விளக்குக்கு மின்சாரம் கேட்க, மண்டபக்காரர் நெடுங்காலமாக நிறுத்தியிருந்த மேடையின் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

உருண்டை சுழன்றது. சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் எரிந்தன. மூலையிலிருந்த பாட்டுப்பெட்டிக்குள் எந்தக் காலத்திலோ சிக்கிய கசெட், நின்ற இடத்திலிருந்தே டிஸ்கோவைத் தொடர்ந்தது. எங்கள் நாதஸ்வரக் கசெட் அதனோடு போட்டி போட்டது. ஐயர் பதறி எறிந்த அட்சதை தாளம் பிசகாமல் விழுந்தது. மணப்பெண் வதனியின் கழுத்தில் வண்ணப் புள்ளிகள் ஓட, நான் வாயைப் பிளந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“முதல்ல கட்டுங்கோ,” என்றாள் வதனி, குனிந்த தலை நிமிராமல். “பேந்து ஆராயலாம்.”

கட்டினேன். விளக்குகளை அணைக்க ஓடிவந்த மண்டபக்காரர் உருண்டைக்குக் கீழே நின்றுவிட்டார். அவருடைய குதிக்கால் தாளம் போட்டது. (அவரும் ஆடாதவர்தான்.)

வீடியோ கசெட்டை ஊருக்கு அனுப்ப எனக்கு மனமே வரவில்லை. அம்மாவுக்குக் காட்ட இருந்த ஒரே காட்சியையும் கெடுத்துவிட்டேனே என்று அழுதேன். வதனிதான் அனுப்பினாள். மாதங்கள் கழித்துக் கொழும்புக்கு வந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“கறண்ட் இல்லாத ஊரடா,” என்றார் அம்மா. “எங்கட வீட்டு ஒழுங்கைச் சனம் முழுக்க ஜெனரேற்றர் போட்டுப் பாத்தது. தாலி கட்டுற இடத்தைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிச்சினம். அவ்வளவு வெளிச்சம் கண்டு எத்தினை வருசம்.”

வதனியின் தாலிக்கு இன்றும் உறவில் டிஸ்கோத் தாலி என்றுதான் பெயர். ஊர்ச் சனம் அதோடு விடவில்லை. மொன்றியலில் இருந்த எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கெல்லாம், அந்தச் சின்னத் தெருவில் பிறந்த அத்தனை பேருக்கும், ஊரிலிருந்து உத்தரவு வந்தது, அந்த வெளிச்சத்தில்தான் தாலி கட்ட வேண்டும் என்று. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் உருண்டையைத் துடைத்த மண்டபக்காரர் கடைசியில் எங்களைத் தனியே அழைத்து, இது உங்கள் சமயத்தில் கட்டாயமா என்று பணிவாகக் கேட்டார்.

எங்கள் ஒழுங்கையில் கட்டாயம் என்று சொல்லிவிட்டாள் வதனி.