அடியேனின் மேல்முறையீடு

பழைய பக்திப் பாடல்களில் ஊறி வளர்ந்தவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அப்பாடல்களை அருளிய பெரியோர்கள் மாசற்றவர்கள். ஆயினும் வாய் திறந்தால் தம்மைப் பொய்யன், கள்வன், கொடியவன் என்றே கூறிக்கொள்வார்கள். சிறுவயது முதல் ஓதி ஓதி, எனக்கும் அந்த நடையே நாவில் படிந்துவிட்டது. இறைவன் இதைக் கேட்டால் புன்னகை புரிவான். மாஜிஸ்திரேட் கேட்டால் எழுதிக்கொள்வார். இந்த வேறுபாடு விளங்குவதற்குள் நான் தண்டனை பெற்ற குற்றவாளி ஆகிவிட்டேன்.

எங்கள் பக்கத்து வயல்களில் குத்தகைத் தகராறும் கூலித் தகராறும் முற்றியிருந்த காலம் அது. வரப்புகளில் கொடிகள் ஏறின, அறுவடை மறிக்கப்பட்டது, ஊருக்கு ஊர் தடை உத்தரவு. இவற்றில் எதையும் கவனியாத நான், மார்கழி பிறந்துவிட்டதை மட்டும் கவனித்தேன். விடியலில் ஜாலராவோடு வீதி சுற்றிப் பாடப் புறப்பட்டோம். மேலவீதி முனையில் போலீஸ் வண்டி நின்றது. பனிமூட்டத்தில் ஜாலராவின் ஒலி அவர்களுக்குக் கதிரரிவாளின் ஒலியாகக் கேட்டிருக்க வேண்டும். தடை உத்தரவின்படி நால்வர் சேர்ந்து போகலாம், ஐவர் கூடாது. (ஐந்தாவது ஆள் நான். அன்று வழக்கம்போல் தூங்கிப் போயிருந்தால் வழக்கே இல்லை.)

நீதிமன்றத்தில் "குத்தத்தை ஒத்துக்கிறியா?" என்று தனித்தனியே கேட்டார்கள். மற்ற நால்வரும் "இல்லைங்க" என்றார்கள். என் முறை வந்ததும் இரு கையும் குவித்து, "குற்றமன்றி அடியேனிடம் வேறென்ன உண்டு ஐயா?" என்றேன். ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டார்கள். நால்வர்மீதும் இருந்த வழக்கு சாட்சி இல்லாமல் பின்னர் தள்ளுபடியாயிற்று. ஆகவே, ஒரே ஆளாகச் சட்டவிரோதமாகக் கூடியவன் என்னும் பெருமை இந்த ஜில்லாவில் எனக்கு மட்டுமே உரியது. நீதிமன்றம் கலையும்வரை அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும் என்பது தண்டனை. அமர்ந்திருந்தேன். பெஞ்சு வசதியாகவே இருந்தது.

அதை நான் மறந்துவிட்டேன், அரசாங்கம் மறக்கவில்லை. திருமணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்து, சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தபோது, இனி உரிமம் பெற்றவர்தாம் பத்திரம் எழுதலாம் என்று விதி வந்தது. விண்ணப்பத்தில் 'தண்டனை பெற்றதுண்டா?' என்றொரு கேள்வி. 'உண்டு' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். உரிமம் மறுக்கப்பட்டது.

அன்று மாலையே என் மனைவி தையல்நாயகியின் அண்ணன் சோமு வந்துவிட்டார். ரைஸ்மில் வைத்திருப்பவர். மனம் பெரியது, குரல் அதைவிடப் பெரியது.

"எதுக்கு மாப்ள கவலை? நம்ம மில்லுல தவிட்டு மூட்டையைப் பாத்துக்குங்க. தவிட்டுக்கு எவனும் லைசென்ஸ் கேக்க மாட்டான்."

அவர் போனபின் தையல்நாயகி மெதுவாகச் சொன்னாள். "அண்ணன் நல்லவருதான். ஆனா ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாரு. எம் பிள்ளைங்க அதைக் கேட்டு வளர வேணாம். தஞ்சாவூர்ல மேலதிகாரிக்கு அப்பீல் பண்ணலாமாம். பாட்டுப் பாடுனதுக்குப் புடிச்சாங்க, தடை இருந்தது தெரியாதுன்னு மூணு வரி எழுதுங்க. போதும்."

மூன்று வரியா? ஊரார் சொத்துகளையெல்லாம் தெளிந்த தமிழில் கைமாற்றியவன், தன் வாழ்வுக்கு மூன்று வரியா எழுதுவான்? குளித்து, திருநீறு பூசி, மூன்று முழுப் பக்கம் எழுதினேன். அதிகாரியைக் 'கருணைக் கடலே' என்று விளித்தேன். என்னைத் 'தெருநாய்க்கும் கடையவன்' என்று அறிமுகம் செய்துகொண்டேன். 'பிறவிதோறும் பெரும்பிழை இழைத்தும், வஞ்சமும் களவும் நெஞ்சிடை நிறைத்தும்' என்று ஓரடி தானாகவே அமைந்தது. எழுதிவிட்டு நானே கண்ணீர் விட்டேன். மனைவி படித்துக் காட்டச் சொன்னாள். அவளுக்கு இதெல்லாம் எட்டாது என்று மறுத்துவிட்டேன். (இந்த வாக்கியத்துக்காக அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.)

மனுவைத் தஞ்சாவூருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அலுவலக வாசல் மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்து விரித்து, என் நடையின் அழகை எண்ணி மகிழ்ந்தபடியே ஊர் வந்து சேர்ந்தேன்.

ஒரு மாதம் கழித்து விசாரணைக்கு அழைத்தார்கள். "தனியா விட்டா நேரா ஜெயிலுக்குப் போயிடுவீங்க" என்று தையல்நாயகியும் உடன் வந்தாள். அவளை வெளியே அமர்த்திவிட்டு, கக்கத்தில் குடையோடு உள்ளே சென்றேன்.

அதிகாரி வெள்ளைச் சட்டை அணிந்தவர். நெற்றியில் ஒன்றும் இல்லை. சுவரில் தலைவர்களின் படங்கள் உண்டு. சாமி படம் கிடையாது. என் மனு அவர் முன் விரிந்திருந்தது. பல இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். நயம் பாராட்டத்தான் கோடிட்டார் என்று நினைத்தேன்.

"உட்காருங்க. முதல்ல ஒண்ணு. நான் சுயமரியாதைக்காரன். கருணைக் கடல் எல்லாம் கிடையாது. பென்ஷனுக்கு நாலு வருஷம் இருக்கு, அவ்வளவுதான்."

"பிழை பொறுத்தருள வேண்டும்" என்றேன்.

"அதுக்குத்தான் வர்றேன். ரெக்கார்டுல உங்க மேல ஒரு கேஸ்தான் இருக்கு. நீங்க 'களவு'ன்னு எழுதியிருக்கீங்க. அது எந்த ஸ்டேஷன்?"

"அது... பொதுவாகச் சொன்னது ஐயா."

"பொதுவா திருடுனீங்களா? 'வஞ்சம்'னும் போட்டிருக்கீங்க. யாரை ஏமாத்துனீங்க? பத்திரம் எழுதறவர் ஏமாத்துனா அது பெரிய விஷயம் சார். அப்புறம் 'பிறவிதோறும்'னு இருக்கு. எனக்கு இந்தப் பிறவி கணக்கு மட்டும் போதும்."

விளக்கமளிக்க எழுந்தேன். எழுந்த வேகத்தில் "எல்லாம் அடியேன் செய்த வினை" என்பதுதான் வாயில் வந்தது. அதையும் அவர் குறித்துக்கொண்டார். தவிட்டு மூட்டைகள் என் கண்முன் அடுக்கடுக்காக எழுந்து நின்றன.

கதவு திறந்தது. தையல்நாயகி உள்ளே வந்துவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க. வெளியில எல்லாம் கேட்டுச்சு. இவரு எந்தத் தப்பும் செய்யலைங்க. மார்கழியில பாடிக்கிட்டுப் போனாரு. தடை இருந்தது தெரியாது. ஒத்துக்கிறியான்னு கேட்டாங்க, ஒத்துக்கிட்டாரு. யாரு கேட்டாலும் ஒத்துக்குவாருங்க. எங்க தெருவுல ஒரு ஆடு காணாமப் போச்சு. அதுக்கும் எம் பாவந்தான் காரணம்னாரு. ஆட்டுக்காரன் வந்து ரெண்டு நாள் எங்க கொல்லையில தேடுனான்."

அதிகாரி பேனாவை வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டார்.

"போன மாசம் இந்த ஆபீஸ்ல என் குடை காணாமப் போச்சு. அதையும் நீங்கதான் எடுத்தீங்களா?"

மறுத்திருக்கலாம். மறுக்கும் பயிற்சி என் நாவுக்கு இல்லை. இரு கையும் தாமாகக் குவிந்தன. "அறியாமல் செய்த பிழையாயினும் ஐயா பொறுத்தருள வேண்டும்."

அவர் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த தாள்கள் பறந்தன. பியூன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே உத்தரவு எழுதினார். மனுதாரர் தண்டனை பெற்ற செயல் ஒழுக்கக்கேடான குற்றம் அன்று; மனுதாரர் தாமே ஒப்புக்கொள்வனவற்றை ஆதாரமாகக் கொள்வதற்கில்லை; உரிமம் வழங்கலாம். "இனிமே பெட்டிஷன் எழுதணும்னா அம்மாவை எழுதச் சொல்லுங்க" என்று வாய்மொழியாகச் சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் கேசரி. சோமு மச்சான் வாழ்த்த வந்தார். கையில் ஒரு குடை.

"என்ன மாப்ள, குடையை மில்லுலயே விட்டுட்டீங்க? ஒரு மாசமா அங்கேயே கிடக்கு."

நானும் தையல்நாயகியும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு கதவின் பின்னால் தொங்கிய குடையைப் பார்த்தோம். அவள் எழுந்து போய் அதை விரித்தாள். உள்ளோரத்தில் சிவப்பு நூலால் இரண்டு எழுத்துகள் தைத்திருந்தன. உத்தரவின் அடியில் இருந்த கையெழுத்தும் அதே இரண்டு எழுத்துகளில்தான் தொடங்கிற்று.

என் வாழ்நாளில் நான் செய்த உண்மையான களவு அது ஒன்றே. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான், உடையவரிடமே ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு அவர் உரிமம் கொடுத்திருக்கிறார்.

திருப்பிக் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஆனால் துணியில் ஒரு கிழிசல். கிழிந்த பொருளைத் திருப்புவது முறையன்று என்று, குடை ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துத் துணி முழுவதையும் மாற்றினேன். அதோடு சிவப்பு எழுத்துகளும் போயின. இதற்குள் அதிகாரி மயிலாடுதுறைப் பக்கம் மாற்றலாகிவிட்டார். பார்சலில் அனுப்பினேன். மனைவி சொன்னபடி மூன்றே வரி: இது தங்கள் குடை. நான்தான் எடுத்துச் சென்றேன். மன்னிக்கவும்.

பத்து நாளில் குடை திரும்பி வந்தது. உடன் ஒரு கார்டு. 'உங்கள் பணிவை நான் அறிவேன். ஆயினும் அரசு ஊழியர் புதுக் குடையைப் பரிசாகப் பெறக் கூடாது. இனி இப்படிச் செய்ய வேண்டாம்.'

அந்தக் குடை இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மூன்று முறை துணி மாற்றியாயிற்று. மழை வந்தால் என் பேத்தி கேட்கிறாள்: "தாத்தா, நம்ம குடையை எடுத்துக்கவா, நீங்க திருடுன குடையை எடுத்துக்கவா?"

நான் திருடவில்லை என்று இப்போதெல்லாம் மறுத்துப் பார்க்கிறேன். உள்ளேயிருந்து தையல்நாயகியின் குரல் வரும்.

"அவர் சொல்றதை ஆதாரமா எடுத்துக்கக் கூடாதுன்னு ஆர்டரே இருக்குடி."